'ஷ்' என்று முடிந்தால்தான் பெயரா?

கேள்வி: பேரனுக்கு 'ஷ்' என்று முடியும் பெயர்தான் வேண்டும் என்று மகனும் மருமகளும் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். இதெல்லாம் எங்கிருந்து வந்த வழக்கம்?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: பயப்படாதீர்கள், பெரும்பாலும் நம் ஈசன்தான்! நடேசன், கணேசன் என்று நாம் 'அன்' சேர்த்து முடிப்பதை, இந்திக்காரர்கள் கடைசி உயிரை விழுங்கி 'ஏஷ்' ஆக்கினார்கள். ரமா + ஈசன் ரமேசன், அவனே ரமேஷ். ரமா என்பது லட்சுமி, ஆகவே இவர் பெருமாள். உமேஷ் என்றால் உமையின் நாயகன், சிவன். சைவக் குடும்பமென்றால் கவனித்து வையுங்கள்! சுரேஷ் தேவர் தலைவன், தினேஷ் பகலுக்கு அதிபதியான சூரியன்.

பிரகாஷ், ஆகாஷ், சந்தோஷ் கதை வேறு. ஒளி, வானம், மகிழ்ச்சி. ஈசனுக்கு அங்கே வேலையில்லை.

இப்போது ஓசைக்காகவே ஒட்டவைக்கும் 'ஷ்' பெயர்கள்தான் எனக்கு ஒவ்வாதவை. பொருள் கேட்டால் பெற்றோரே விழிக்கிறார்கள். அப்படி எதையாவது சொன்னால், அவசரப்படாமல் பேசிப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்க ஓராண்டு வரை கட்டணம் கிடையாது.