மழைக்கு முந்திய வேலை

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே உள்ளது உத்திரமேரூர். அவ்வூரின் பெரிய ஏரிக்குத் தந்திவர்மப் பல்லவன் காலத்துக் கல்வெட்டுகள் வயிரமேக தடாகம் என்று பெயர் கூறும். பெய்யும் மழையும், கால்வாய் வழியே வரும் செய்யாற்று வெள்ளமும் அதனை நிரப்புகின்றன. இப்பகுதியின் மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் பெய்து தீர்ந்துவிடும். ஆகவே ஏரியைச் சார்ந்த வேலை அனைத்தும் புரட்டாசிக்குள் முடிந்தாக வேண்டும். பிற வேலைக்கு ஒரு நாள் தவணை கேட்கலாம். மழையிடம் யார் கேட்பது?

கோடையில் ஏரி வற்றியதும் முதல் வேலை தொடங்கும். அடியில் படிந்த வண்டலை வெட்டி வண்டிகளில் ஏற்றி வயல்களில் கொட்டுவர். ஏரிக்கு ஆழமும் நிலத்துக்கு உரமும் ஒருங்கே கிடைக்கும். பின்னர் வரத்துக்கால்களில் மண்டிய கோரையையும் புதரையும் அகற்றுவர். மதகின் அடைப்பைப் பழுது பார்ப்பர்.

இவற்றுள் மரம் வெட்டும் வேலை தனியே கூறத்தக்கது. ஏரியின் உட்புறத்தில் வளரும் கருவேலம் நீரில் நின்றும் பிழைக்கும் மரம். அதன் வயிரம் ஏருக்கும் வண்டிக்கும் உதவியது. கிளைகள் அடுப்புக்கு விறகாயின. நீர் ஏறிய பின் அங்கே வண்டி செல்லாது. நனைந்த விறகும் எளிதில் எரியாது. எனவே மழைக்கு முன்னரே வெட்டி, பிளந்து, உலர்த்தி, கூரையின் கீழ் அடுக்கிவிடுவது இல்லத்தாரின் கவலை. கரையின் மேல் முளைக்கும் மரத்தின் செய்தி வேறு. அது பட்டுப்போனால் வேர் மண்ணுக்குள் மக்கி, குழாய் போன்ற புழை உண்டாகும். நிறைந்த ஏரியின் நீர் அப்புழை வழியே கசியத் தொடங்கி, மண்ணை அரித்துக் கரையையே உடைத்துவிடும். ஆதலால் கரைமேல் முளைத்ததைக் கன்றாக இருக்கும்போதே வேரோடு களைவது அறிவுடைமை. பின்னாளில் வந்து பரவிய சீமைக் கருவேலமோ வெட்ட வெட்டத் தழைக்கும். வேரைத் தோண்டாமல் அதனை ஒழித்தல் இயலாது.

கலங்கலைக் குறித்தும் ஒரு செய்தி உண்டு. மிகுந்த நீர் வழிந்தோடும் இடம் அது. அதன்மேல் கற்களை நிறுத்திச் சிறிது கூடுதலாக நீரைத் தேக்க வேண்டும் என்பது பாசனக்காரரின் ஆசை. பெருமழை ஓய்ந்த பின் அவ்வாறு செய்தால் நன்மை. ஐப்பசியிலேயே செய்தால் கரைக்குக் கேடு. 2015-ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் பெய்த பெருமழையில் காஞ்சிபுரம் மாவட்டத்து ஏரிகள் பல உடைந்தன. ஓர் ஏரி உடைந்தால் அதன் நீர் கீழுள்ள ஏரியில் சென்று மோதும். ஒருவர் கரையைக் காவாமை அடுத்த ஊரார்க்கு இடராகும்.

இவ்வேலைக்கு உரியவர் யாவர் என்பதை உத்திரமேரூர் முன்னோர் மழைவரும் வேளையில் தேடவில்லை. முதற் பராந்தக சோழனின் 14-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 921-ஆம் ஆண்டில் பொறித்த கல்வெட்டு, ஏரி வாரியத்துக்கு ஆறு பேரைக் குடவோலை வழியே தேர்ந்தெடுக்கும் முறையை விளக்குகிறது. அவர்தம் பதவிக்காலம் 360 நாள். முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் பெயரையும், அவருடைய உறவினர் பெயரையும் குடத்தில் இடுதல் ஆகாது. ஏரியில் குழி தோண்டுவதற்கென அளிக்கப்பட்ட பொன்னை முதலாக வைத்து, அதன் வட்டியால் ஆண்டுதோறும் வேலை நடத்தும் வழக்கமும் அக்காலத்தில் இருந்தது.

எனினும் இம்முறையைப் புகழ்வோர் ஒன்றை மறத்தல் கூடாது. அது பிரமதேய ஊரின் சபை; நிலமும் மனையும் கல்வியும் உடையார்க்கே அதில் இடம். கூடை சுமந்து வண்டலை அள்ளிய எளியோர் பெயர் எழுதிய ஓலை அக்குடத்தில் விழவில்லை. பின்னர்க் குடிமராமத்து என்ற பெயரில் ஊரார் கூடி உழைக்கும் வழக்கம் தளர்ந்தபோது, 1858-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் அவ்வுழைப்பைக் கட்டாயமாக்கச் சட்டம் இயற்றப்பட்டது. கட்டாயத்தால் பழைய ஒற்றுமை மீளவில்லை. 2017-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் காஞ்சிபுரம் மாவட்டத்து மணிமங்கலம் ஏரியில் தமிழக அரசு குடிமராமத்துத் திட்டத்தை மீண்டும் தொடங்கியது. மண்வெட்டிக்குத் துணையாக இயந்திரங்கள் வந்தன. பத்து நாள் வேலை ஒரு நாளில் முடியலாயிற்று. ஆனால் வரத்துக்காலில் எங்கே அடைப்பு, கரையில் எங்கே கசிவு என்பதை இன்றும் ஒருவர் நடந்து சென்றே கண்டறிய வேண்டியிருக்கிறது. அதற்கான நாள்கள் புரட்டாசியோடு முடிந்துவிடுகின்றன.