போர்வீரரிடம் காணப்படும் இரட்டை உறக்கக் குறை

உறக்கக் குறைகளுள் பெரிதும் காணப்படுபவை இரண்டு. ஒன்று தூக்கமின்மை; மற்றொன்று உறக்கத்தில் நேரும் மூச்சடைப்பு. முன்னதில், படுத்தும் உறக்கம் கூடுவதில்லை. பின்னதில், வந்த உறக்கம் நிலைப்பதில்லை. ஒன்றுக்கொன்று மாறானவைபோல் தோன்றும் இவை ஒருவரிடமே சேர்ந்திருத்தல் உண்டு. இதனை 1973-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கில்லமினோ என்பவரும் அவருடன் ஆராய்ந்தோரும் எடுத்துக்காட்டினர்.

குறைகளின் இயல்பு

உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு அவ்வேளையில் மூச்சுவழி ஒடுங்கி அடைபடுகிறது. 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சு தடைப்பட, இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. உடனே மூளை கணப்பொழுது விழித்து மூச்சை மீட்கிறது. மணிக்கு 5 முறைக்குக் குறையாமல் இவ்வாறு நேர்ந்து, பகற்சோர்வு முதலிய அறிகுறிகளும் இருப்பின் அது நோயெனப்படும். வாரத்தில் 3 இரவுகளேனும், 3 மாத காலம் உறக்கம் கெட்டு, பகற்பணியும் பழுதுபடுமாயின் அது நாட்பட்ட தூக்கமின்மையாகும்.

படையினர் நிலை

களப்பணியிலிருந்து திரும்பி, உறக்கக் கேடு கூறி வந்த அமெரிக்கப் படையினர் 110 பேரை இராணுவ மருத்துவர்கள் ஆராய்ந்து 2013-இல் முடிவுகளை வெளியிட்டனர். 70 பேரிடம் தூக்கமின்மையும், 69 பேரிடம் மூச்சடைப்பும், 42 பேரிடம் இரண்டும் காணப்பட்டன. இவர்கள் மருத்துவரை நாடி வந்தவர்களாதலின், இவ்விகிதத்தைப் படை முழுமைக்கும் பொருத்துதல் கூடாது.

இரவுக் காவல், மாறிமாறி வரும் பணிமுறை, குறுகிய உறக்கம் ஆகியவை படைவாழ்வில் இயல்பானவை. போர்க்களத்தில் உயிர்காத்த விழிப்புணர்ச்சி, வீடு திரும்பிய பின்னும் தணியாதிருப்பதுண்டு. மூச்சடைப்பால் நேரும் விழிப்பு, இத்தகையோரை மீண்டும் உறங்கவொட்டாமல் செய்கிறது. மூச்சடைப்பு பருத்த உடலும் முதிர்ந்த வயதும் உடையோர்க்கே வரும் என்னும் எண்ணத்தால், கட்டுடல் வாய்ந்த இளம் வீரரிடம் அது கண்டறியப்படாமல் போகலாம். அவர் சோர்வு முழுவதையும் போரின் மனத்தாக்கமெனக் கொள்வதும் தவறாகலாம்.

சிகிச்சை முறை

மூச்சடைப்புக்கு, முகமூடி வழியே இடையறாத அழுத்தத்துடன் காற்றைச் செலுத்தும் கருவி பயன்படுகிறது. இம்முறையை ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவனும் உடனாய்ந்தோரும் 1981-இல் வெளியிட்டனர். ஆயின் உறக்கம் வராது தவிப்பவர், முகமூடியைப் பொறுக்கமாட்டாமல் கழற்றிவிடுதல் கூடும். எனவே ஒன்றை விடுத்து மற்றொன்றை மட்டும் நோக்குவதால் முழுப்பயன் விளைவதில்லை.

தூக்கமின்மைக்கு முதற்கண் உரியது பழக்கங்களையும் எண்ணங்களையும் திருத்தும் பயிற்சியாகும். நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுதல், உறக்கம் வந்தபின்னரே படுக்கைக்குச் செல்லல், படுக்கையில் கழிக்கும் நேரத்தை அளவுபடுத்தல் ஆகியவை அதன் கூறுகள். தொடக்கத்தில் பகல் தூக்கம் மிகலாம். ஆதலின் வண்டியோட்டுவோரும் ஆயுதம் கையாள்வோரும் மருத்துவர் மேற்பார்வையிலேயே இதனை மேற்கொள்ளுதல் வேண்டும். மூச்சடைப்பு உள்ளவர் தாமாகவே தூக்க மாத்திரை உண்ணுதல் தீது. சில மாத்திரைகள் மூச்சடைப்பை மிகுவிக்கும். மதுவும் அத்தன்மையதே.

களப்பணியாளர் கவனத்திற்கு

தூக்கம் வரவில்லை என்பவரிடம் குறட்டை, காலைத் தலைவலி, பகல் தூக்கம் ஆகியவை பற்றியும் வினவுக. மூச்சு நின்று மீள்வதை உடன் உறங்குவோரே அறிவர், அவர்களையும் கேட்டறிக. ஐயமிருப்பின் உறக்கச் சோதனைக்கு அனுப்புக.

வினாக்கள்

1. இவ்விரு குறைகளும் ஒன்றையொன்று வளர்ப்பது எங்ஙனம்?
2. 110 பேரில் ஒரு குறையேனும் உடையவர் எத்தனை பேர்?
3. இளம் வீரரிடம் மூச்சடைப்பு மறைந்திருக்கக் காரணம் யாது?