மரக் குவளைக்கு ஏற்ற பூச்சு

வயலிலும் தோட்டத்திலும் மோர் அருந்தப் பூவரசங் கட்டையிற் குடைந்த குவளை நல்லது. பூச்சின்றேல் நீர் ஊறி வெடிக்கும். ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, நயினாதீவு முதலிய இடங்களில் வள்ளத்தின் அடிப்புறத்துக்குப் பூசி எஞ்சிய வர்ணத்தைக் குவளைக்குப் பூசலாகாது. பாசியும் சிப்பியும் பற்றாதிருக்க அதிற் செம்பு நஞ்சு சேர்ப்பதுண்டு. தேங்காயெண்ணெய் தீங்கற்றது, ஆயினும் இறுகாது, நாளடைவிற் காறல் நாற்றம் வீசும்.

கலப்பற்ற ஆளிவிதை எண்ணெயே ஏற்றது. ‘காய்ச்சியது’ எனக் கடையில் விற்பதில் விரைந்து உலர உலோக உப்புக்கள் கலந்திருக்கக்கூடுமாதலின் அதனை விலக்குக. மெல்லிதாகத் தேய்த்து, மிகுதியைத் துடைத்து, ஒரு பூச்சு நன்கு காய்ந்தபின்னரே அடுத்ததைப் பூசுக. வாரங்கள் செல்லும், பொறுத்தல் வேண்டும். தேன்மெழுகு மோருக்குப் போதும். ஏறத்தாழ 63 பாகை செல்சியசில் உருகுமாதலின் கொதிக்கும் தேநீருக்கு உதவாது.

எண்ணெய் துடைத்த சீலையைச் சுருட்டி வைக்கலாகாது. தானே சூடேறித் தீப்பற்றும். ஓலைக் கொட்டிலில் இது பேராபத்து. வெளியில் விரித்து உலர்த்துக.