ஏழு பேரை இங்கே தேடுங்கள்

கேள்வி: சென்னையின் எஃப்சி அடுத்த சீசனுக்கு யாரை எடுக்க வேண்டும்? பழையபடி டிராஃப்ட் வந்தால் நல்லதா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: ஐ.எஸ்.எல்.லில் இந்திய வீரர்களுக்கு டிராஃப்ட் நடந்தது 2014, 2015, 2017 ஆகிய ஆண்டுகளில். அது திரும்ப வர வேண்டியதில்லை. சொந்த ஊர்ப் பையன் எந்த ஊருக்குப் போவான் என்பதை வரிசை எண் தீர்மானிக்கும் முறை அது.

2015-லும் 2017-18-லும் கோப்பை வென்ற அணி, 2024-25-ல் 13 அணிகளில் 11-வது இடம். எல்லோரும் வெளிநாட்டு ஸ்ட்ரைக்கரைக் கேட்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. களத்தில் வெளிநாட்டவர் நால்வர்தான் என்ற விதி வந்தபின், மீதி ஏழு பேர்தான் அணியின் தரம். முதல் தேவை, பதறாமல் பந்தை வெளியே எடுத்துவரும் இந்திய ஸ்டாப்பர். அடுத்து, வேகமான விங்கர்.

விங்கர் என்றதும் வயிறு எரிகிறது. நம் சென்னைப் பையன் நந்தகுமார், 2023 டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக வெற்றி கோல் அடித்தது ஈஸ்ட் பெங்கால் சட்டையில்! 2018-ல் கோப்பை தூக்கிய அணியில் இருந்த தனபால் கணேஷ், உங்களுக்குப் பக்கத்து வியாசர்பாடிதான். நிர்வாகம் ஏஜென்ட் அனுப்பும் வீடியோவை மூடிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வடசென்னை மைதானங்களுக்கு ஆள் அனுப்பட்டும்.