நீங்களும் எழுதலாம் மொபைல் அப்ளிகேஷன்!
ஏலக்காய்க் கணக்கு மூலம் ஓர் எளிய ஆண்ட்ராய்ட் பாடம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது: "போனில் போடுகிற ஆப்ஸ்களை நாமே செய்ய முடியுமா? அதற்கு இன்ஜினியரிங் படித்திருக்க வேண்டுமா?" செய்ய முடியும், படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு பிரவுசர், இன்டர்நெட் இணைப்பு, ஒரு ஆண்ட்ராய்ட் போன் இருந்தால் போதும். சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் நான் இன்று புரோகிராம் எழுதுவது பெரிய டூல்களில்தான். ஆனால் புதியவர்களுக்குச் சொல்லித் தரும்போது கீழே உள்ள வழியைத்தான் பயன்படுத்துகிறேன்.

எங்கள் ஊர் போடிநாயக்கனூர். மேலே போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏலக்காய்த் தோட்டங்கள் ஆரம்பிக்கும். ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் போடியிலும் கேரளத்தின் புற்றடியிலும் நடக்கிறது. வியாபாரிகள் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்து விலை கேட்கிறார்கள். ஆனால் ஏலத்துக்குக் காய் போவதற்கு முந்தைய கணக்கு, சிறு விவசாயிகள் பலருக்கு இன்னும் துண்டுச் சீட்டில்தான் இருக்கிறது. அந்தக் கணக்கையே இன்றைய பாடமாக எடுத்துக்கொள்வோம்.

என்ன கணக்கு?

செடியிலிருந்து எடுக்கும் பச்சைக் காயை ஸ்டோரில் உலர்த்தினால் எடை குறையும். தோராயமாக 5 கிலோ பச்சைக் காய்க்கு 1 கிலோ உலர் காய் கிடைக்கும். சொந்த ஸ்டோர் இல்லாதவர்கள் வேறொருவர் ஸ்டோரில் கொடுத்து உலர்த்தி வாங்குகிறார்கள்.

50 கிலோ பச்சைக் காய் கொடுத்து 10 கிலோ உலர் காய் வந்தால் விகிதம் 5. அதுவே 5.5 ஆனால் கைக்கு வருவது 9 கிலோ 90 கிராம்தான். கிலோ 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரே தடவையில் சுமார் 1,800 ரூபாய் வித்தியாசம். மழை ஈரத்தோடு எடுத்தாலும், முற்றாத காய் கலந்தாலும் விகிதம் கூடும். எனவே விகிதம் கூடினால் யாரோ ஏமாற்றிவிட்டார் என்று அர்த்தமில்லை. ஆனால் ஒவ்வொரு எடுப்பின் விகிதமும் கையில் இருந்தால்தான் "இந்தத் தடவை ஏன் கூடியது?" என்று கேட்கவே முடியும்.

ஆண்ட்ராய்ட்: சுருக்கமாக

கம்ப்யூட்டருக்கு விண்டோஸ் எப்படியோ, அப்படித்தான் போனுக்கு ஆண்ட்ராய்ட். இதை உருவாக்கிய சிறு நிறுவனத்தை கூகுள் 2005-ல் வாங்கியது. முதல் ஆண்ட்ராய்ட் போன் 2008-ல் விற்பனைக்கு வந்தது. இதற்கான அப்ளிகேஷன்களை எழுதக் கூகுள் தரும் முக்கிய டூல் ஆண்ட்ராய்ட் ஸ்டூடியோ. மொழிகள் கோட்லின், ஜாவா. அதற்கு 8 ஜிபி ராமாவது வேண்டும். புதியவர்கள் அங்கே ஆரம்பித்தால் இன்ஸ்டால் செய்து முடிப்பதற்குள்ளேயே அலுத்துவிடும்.

நமக்குப் பொருத்தமானது ஆப் இன்வென்டர். கூகுளில் உருவாகி, பிறகு அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்துக்கு மாறியது. இலவசம். பிரவுசரிலேயே இயங்கும். கட்டளைகளை டைப் செய்ய வேண்டாம். விளையாட்டுக் கட்டைகளைப் போல ஒன்றோடொன்று மாட்டினால் போதும்.

முதல் படி: திரையை அமைத்தல்

1. கூகுளில் "எம்.ஐ.டி. ஆப் இன்வென்டர்" என்று தேடி அதன் தளத்துக்குச் செல்லுங்கள். "கிரியேட் ஆப்ஸ்" பட்டனைக் கிளிக் செய்து, உங்கள் ஜிமெயில் முகவரி கொண்டு நுழையுங்கள்.

2. புதிய புராஜெக்ட் ஒன்றைத் தொடங்குங்கள். பெயரை ஆங்கில எழுத்துகளில், இடைவெளி இல்லாமல் கொடுங்கள்.

3. இப்போது தோன்றுவது டிசைனர். இடப்பக்கம் உள்ள பட்டியலிலிருந்து மூன்று டெக்ஸ்ட்பாக்ஸ், இரண்டு பட்டன், ஒரு லேபிள் ஆகியவற்றை மவுசால் இழுத்து, நடுவில் உள்ள போன் படத்தில் விடுங்கள்.

4. வலப்பக்கம் புராப்பர்ட்டீஸ் இருக்கும். மூன்று டெக்ஸ்ட்பாக்ஸ்களின் ஹின்ட் என்ற இடத்தில் முறையே "பச்சை எடை", "உலர் எடை", "கிலோ விலை" என்று தமிழிலேயே டைப் செய்யுங்கள். மூன்றுக்கும் நம்பர்ஸ்ஒன்லி என்ற கட்டத்தில் டிக் செய்யுங்கள். இதனால் எண்களை மட்டுமே உள்ளிட முடியும்.

5. பட்டன்களின் டெக்ஸ்ட்டை "கணக்கிடு", "சேமி" என்று மாற்றுங்கள்.

6. ஸ்டோரேஜ் பிரிவிலிருந்து டைனிடிபி என்பதையும் இழுத்து விடுங்கள். இது திரையில் தெரியாது. போன் படத்துக்குக் கீழே உட்கார்ந்துகொள்ளும்.

இரண்டாம் படி: வேலை சொல்லுதல்

வலப்பக்கம் மேலே உள்ள பிளாக்ஸ் பட்டனைக் கிளிக் செய்யுங்கள்.

மொபைல் அப்ளிகேஷனின் அடிப்படையே "இது நடந்தால் அதைச் செய்" என்பதுதான். பயனாளர் ஏதாவது செய்யும்வரை அப்ளிகேஷன் காத்திருக்கும். பட்டனைத் தட்டுவது ஒரு நிகழ்வு. இதை ஈவன்ட் என்பார்கள். பட்டன்1-ஐக் கிளிக் செய்தால் "வென் பட்டன்1.கிளிக்" என்ற பிளாக் கிடைக்கும். அதை நடுவில் விடுங்கள். அதன் வாய்க்குள் நாம் மாட்டுவதெல்லாம் பட்டனைத் தட்டியதும் நடக்கும்.

உள்ளே போட வேண்டியவை இரண்டு கணக்குகள்:

விகிதம் = பச்சை எடை ÷ உலர் எடை
தொகை = உலர் எடை × கிலோ விலை

கூட்டல், பெருக்கல், வகுத்தல் பிளாக்குகள் மேத் பிரிவில் இருக்கும். எழுத்தையும் விடையையும் ஒட்ட டெக்ஸ்ட் பிரிவில் ஜாயின் இருக்கிறது. "விகிதம்: " என்ற சொல்லையும் முதல் விடையையும், "தொகை: " என்ற சொல்லையும் இரண்டாம் விடையையும் ஜாயினில் வரிசையாக மாட்டி, "செட் லேபிள்1.டெக்ஸ்ட்" பிளாக்கோடு இணையுங்கள்.

உலர் எடையை நிரப்பாமல் பட்டனைத் தட்டினால் என்ன ஆகும்? பிழைச் செய்தி வரும். ஆகவே கணக்குக்கு முன்னால் கன்ட்ரோல் பிரிவிலிருந்து ஓர் இஃப் பிளாக்கை மாட்டுங்கள். அதில் உள்ள சிறிய நீலச் சக்கரத்தைத் தட்டி எல்ஸ் இஃப், எல்ஸ் இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு இந்த வரிசையில் அமையுங்கள்:

* ஏதாவது ஒரு பெட்டி காலியாக இருந்தால்: "எல்லாப் பெட்டிகளையும் நிரப்பவும்"
* இல்லையேல் உலர் எடை 0 என்றால்: "உலர் எடையைச் சரி பார்க்கவும்"
* இரண்டும் இல்லையேல்: கணக்கைச் செய்

வரிசை முக்கியம். காலியா என்று முதலில் பார்த்த பிறகே எண்ணைச் சோதிக்க வேண்டும்.

மூன்றாம் படி: நினைவில் வைத்தல்

அப்ளிகேஷனை மூடியதும் பெட்டியில் இருந்த எண்கள் மறைந்துவிடும். நிலையாக இருக்கத்தான் டைனிடிபி. தகவலை இன்டர்நெட்டில் வைக்காமல் போனிலேயே வைப்பதற்குக் காரணம் உண்டு. மலைச்சரிவில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. அங்கே "கனெக்ட் ஆகவில்லை" என்று நிற்கும் அப்ளிகேஷனால் பயனில்லை.

டைனிடிபியில் ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு பெயர்ச்சீட்டு உண்டு. அதுவே டேக். "சேமி" பட்டனின் கிளிக் பிளாக்கில் இப்படி அமையுங்கள்:

1. மேலே சொன்ன இஃப் சோதனையை இங்கும் போடுங்கள். மற்ற படிகளை அதன் எல்ஸ் பகுதிக்குள் மாட்டுங்கள்.
2. "மொத்தப் பச்சை" என்ற டேக்கில் உள்ள எண்ணை கெட்வேல்யூ மூலம் எடுங்கள். முதல் தடவை ஒன்றும் இருக்காது. அப்போது 0 என்று எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.
3. அதோடு இன்றைய பச்சை எடையைக் கூட்டி, ஸ்டோர்வேல்யூ மூலம் அதே டேக்கில் திரும்ப வையுங்கள்.
4. "மொத்த உலர்" என்ற டேக்குக்கும் இதையே செய்யுங்கள்.
5. முதல் மொத்தத்தை இரண்டாவதால் வகுத்து லேபிளில் காட்டுங்கள். இதுவே சீசன் சராசரி.
6. கடைசியாகப் பெட்டிகளைக் காலி செய்யுங்கள். தவறி இன்னொரு முறை தட்டினாலும் எடை இருமுறை சேராது; "நிரப்பவும்" என்ற செய்திதான் வரும்.

இனி ஸ்டோரிலிருந்து காய் வந்ததும் அன்றைய விகிதத்தைச் சீசன் சராசரியோடு ஒப்பிடலாம்.

நான்காம் படி: சோதித்தலும் போனில் ஏற்றுதலும்

பிளே ஸ்டோரில் "எம்.ஐ.டி. ஏஐ2 கம்பேனியன்" அப்ளிகேஷனை இன்ஸ்டால் செய்யுங்கள். கம்ப்யூட்டரும் போனும் ஒரே வைஃபையில் இருக்கட்டும். கம்ப்யூட்டரில் கனெக்ட் மெனுவில் ஏஐ கம்பேனியனைத் தேர்ந்தெடுத்தால் ஒரு க்யூஆர் கோட் தோன்றும். போனால் அதை ஸ்கேன் செய்தால் உங்கள் அப்ளிகேஷன் உடனே போனில் ஓடும். 50, 10, 2000 என்று கொடுத்துப் பாருங்கள். விகிதம் 5, தொகை 20000 என்று வர வேண்டும்.

சரியாக வந்தால் பில்ட் மெனுவில் ஆண்ட்ராய்ட் ஆப் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஏபிகே என்ற ஃபைல் கிடைக்கும். விண்டோஸில் செட்அப் ஃபைல் போன்றது இது. பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து வருவதால் போன் எச்சரிக்கும், அனுமதி கேட்கும். நீங்களே செய்த ஃபைல் என்பதால் அனுமதிக்கலாம். முகம் தெரியாதவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஏபிகே ஃபைலை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் இன்ஸ்டால் செய்யாதீர்கள்.

கவனிக்க வேண்டியவை

* அப்ளிகேஷனை அன்இன்ஸ்டால் செய்தால் டைனிடிபியில் உள்ள கணக்கும் போய்விடும். மொத்த எடைகளை அவ்வப்போது நோட்டிலும் எழுதி வையுங்கள்.
* புராஜெக்ட்டை ஏஐஏ ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து பென் டிரைவில் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.
* நம் கணக்குக்குப் போனில் உள்ள தொடர்பு எண்களோ, போட்டோக்களோ தேவையில்லை. ஒரு கணக்கு அப்ளிகேஷன் அவற்றைக் கேட்டால் ஏன் என்று யோசிக்க வேண்டும் என்பது இப்போது உங்களுக்கே புரியும்.
* பிளே ஸ்டோரில் வெளியிட 25 டாலர் ஒருமுறைக் கட்டணம் உண்டு. புதிதாகத் தனிநபர் கணக்கு தொடங்குபவர்கள் குறைந்தது 12 பேரை வைத்து 14 நாட்கள் சோதித்துக் காட்ட வேண்டும். உங்கள் வீட்டுக்கும் பக்கத்துத் தோட்டத்துக்கும் மட்டும் என்றால் ஏபிகே ஃபைலே போதும்.

உங்களுக்கு ஒரு பயிற்சி

பருமனான 8 மில்லிமீட்டர் காய்க்கு நல்ல விலை கிடைக்கும். பொடிக் காய்க்குக் குறைவு. உலர் எடைக்கும் விலைக்கும் இன்னொரு ஜோடிப் பெட்டிகளைச் சேர்த்து, இரண்டு தரங்களின் தொகையையும் கூட்டிக் காட்டும்படி மாற்றிப் பாருங்கள். பாத்திரக் கடை, பால் கணக்கு, சீட்டுக் கணக்கு எதுவானாலும் இதே முறைதான். பெட்டிகளின் பெயரும் சூத்திரமும் மட்டுமே மாறும்.

இது கைவந்த பிறகு கோட்லின் மொழிக்குப் போகலாம். ஈவன்ட், இஃப், சேமிப்பு ஆகிய மூன்றும் அங்கேயும் இருக்கின்றன. பிளாக்குக்குப் பதில் வரிகளாக எழுதுவீர்கள், அவ்வளவுதான்.