வாப்பாவின் கேள்வி

கேள்வி: உயர்தரம் கலைப்பிரிவில் முடித்துவிட்டேன். சமூகப்பணியில் பட்டம் படிக்க ஆசை. "பள்ளிவாசல் சும்மா செய்யிற வேலைக்கு எதுக்கு மகள் பட்டம்?" என்கிறார் வாப்பா.
– வாசகி, சாய்ந்தமருது

பதில்: வாப்பா சொல்வதில் பாதி உண்மை. 2004 சுனாமி மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருதுக் கரைகளை அடித்துச் சென்றபோது சோறு ஆக்கியதும் மையித்துகளை அடக்கியதும் ஊர்ச்சனந்தான். அதற்குப் பிறகு? உம்மாவை இழந்த பிள்ளையை எந்த உறவினரிடம் விடுவது, உதவிப் பட்டியலில் ஒரு விதவையின் பெயர் ஏன் விடுபட்டது, மாதங்கள் கழிந்தும் தூங்காதவரிடம் என்ன பேசுவது? நல்ல மனசு இங்கே பாதி வழிதான் வரும். பொறுமையாகக் கேட்க வேண்டும், கேட்டதை எழுதி வைக்க வேண்டும், எழுதியதை வெளியே சொல்லாதிருக்க வேண்டும். கடைசிப் பாடம் நம் ஊர்களில் கொஞ்சம் கஷ்டம்!

ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிக்கலாம். பக்கம், ஆனால் அது வேறு படிப்பு. சமூகப்பணிக்கென்றே இருப்பது சீதுவையிலுள்ள தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம். 1952இல் தொடங்கிய பயிற்சிப் பள்ளியின் வழிவந்தது. பட்டப்படிப்பு நான்கு ஆண்டு, களப்பயிற்சியும் உண்டு. விண்ணப்பம் நேரே நிறுவகத்துக்குத்தான். தமிழ்மொழி மூல வகுப்பையும் தங்குமிடத்தையும் முதலிலேயே விசாரித்துவிடுங்கள். வாப்பாவின் அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

விண்ணப்பிக்குமுன் ஒருநாள் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் போய்ப் பாருங்கள். வாப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.