மூன்றாம் கோப்பை வரை

டக்காரிலிருந்து சுமார் 260 கிலோமீட்டர் வடக்கேயுள்ள சேன் லூயி நகருக்குப் புறப்பட்ட அன்று, மோட்டார் நிலையத்தில் எதிர்ப்பட்ட முதல் மனிதரிடம், வண்டி எங்கே நிற்கிறதென்று அரைகுறைப் பிரெஞ்சில் நான் அவசரமாகக் கேட்க, அவரோ என்னை ஏற இறங்கப் பார்த்து, 'அஸ்ஸலாமு அலைக்கும்' என்று சொல்லி, நான் பிரதி வந்தனம் சொல்லும் வரையில் வாய் திறவாமல் நின்றார். என் க்ஷேமமும் என் வீட்டார் க்ஷேமமும் விசாரித்து முடிந்த பிறகே அவருடைய கை வண்டியின் பக்கம் நீண்டது. செனகலில் எனக்குக் கிடைத்த முதற் பாடம் அது. வொலோஃப் மொழியில் 'நங்கா தெஃப்' என்று நலம் கேட்டால், 'மங்கி ஃபி ரெக்', அதாவது 'இதோ இருக்கிறேன்' என்று சொல்லப் பழகிக்கொண்ட பின்பு, எனக்கு வழிகாட்ட மறுத்தவர் ஒருவருமில்லை.

'செட் பிளாஸ்' எனும் பழைய பியூஜோ கார், ஏழாவது பிரயாணி வந்து சேர்ந்தால்தான் நகரும். முன்னதாகப் போய் நடு வரிசையைப் பிடியுங்கள். பின் வரிசையில் முழங்கால் மோவாயைத் தொடும். மூட்டைக்குத் தனிக் கூலி கேட்பார்கள், பேரம் பேசலாம். பத்தாயிரம் பிராங்கு நோட்டைக் கண்டால் கடைக்காரர் முகம் சுளிப்பார், சில்லறை அவசியம்.

அதிதி உபசாரத்துக்குச் செனகல் மக்கள் இட்டிருக்கும் பெயர் 'தெராங்கா'. சாப்பாட்டு வேளையில் வாசலைக் கடந்து போகும் அந்நியனையும் 'காய் லெக்', வந்து சாப்பிடு, என்று அழைத்துவிடுகிறார்கள். மீனும் காய்கறியும் சோறுமாகச் சமைத்த 'செபு ஜென்' ஒரே பெருந் தட்டில் வர, சுற்றி அமர்ந்து எல்லோரும் வலக்கையால் உண்கிறார்கள். எச்சில், பத்து என்று பார்த்து வளர்ந்த எனக்கு முதல் கவளம் தொண்டையில் இறங்கவில்லை என்பதை மறைப்பானேன்? ஆனால், தன் எதிரே உள்ள பாகத்தைத் தவிர வேறெதையும் ஒருவரும் தொடாததையும், நடுவிலிருந்த மீனைப் பிட்டுப் பிட்டு வீட்டம்மாள் என் பக்கமாகவே தள்ளிக்கொண்டிருந்ததையும் கண்ட பிறகு சங்கோசம் போயிற்று. போதுமென்றால் 'சூர் நா' என்று சொல்ல வேண்டும். ஒரு முறை சொன்னால் நம்பமாட்டார்கள்.

அதன் பின் 'அத்தாயா' தேநீர். அதே இலையை மூன்று முறை காய்ச்சுவார்கள். முதற் கோப்பை கசக்கும், மூன்றாவது தித்திக்கும். ஒரு மணி நேரமாவது ஆகும். வண்டி போய்விடுமே என்று இரண்டாவது கோப்பையோடு நான் எழுந்து வந்துவிட்டேன். நிலையத்தில் ஏழாவது ஆளுக்காக மேலும் இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். நீங்களாவது உட்கார்ந்து குடித்துவிட்டு வாருங்கள்.